மலேசியாவின் எஸ்பிஎம் பள்ளித் தேர்வுக்கான வரலாற்றுப் பாடத்தை மனத்தில் நிறுத்தும் வழி

பினாங்கில் பிறந்த ஒருவர் தம் ஐசி (அடையாள அட்டை) எண்ணின் 12 இலக்கங்களையும் தடுமாறாமல் சொல்லிவிடுவதற்குக் காரணம், பிறந்த தேதிக்கு ஆறு, மாநிலத்துக்கு 07, கடைசியில் நான்கு என அது மூன்று கட்டுகளாக நிற்பதும், முதல் இரண்டு கட்டுகள் அவருக்கு முன்பே தெரிந்தவையாக இருப்பதும்தான். ஒரே சமயத்தில் மனம் பிடித்து வைக்கக்கூடியவை ஏறத்தாழ ஏழு என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். பின்வந்தோர் அதை நான்கு என்ற அளவுக்குக் குறைத்துவிட்டனர். ஆகவே, படிக்க உட்கார்ந்ததும் முதலில் செய்திகளைக் கட்டுகளாகக் கட்டுங்கள். பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய 1786, ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வந்த 1819, மலாக்காவை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தத்தின் 1824, நீரிணைக் குடியேற்றங்கள் அமைந்த 1826 ஆகிய நான்கையும், கிழக்கிந்தியக் கம்பெனி மூன்று துறைமுகங்களைப் பெற்று ஒன்றாக்கிய ஒரே கதையாகச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்து, புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். பலரும் தவிர்க்கும் வேலை இதுதான். திரும்பத் திரும்ப வாசித்த பக்கம் அடிக்கடி பார்த்த முகத்தைப் போன்றது. கண்டால் தெரியும், பெயர் கேட்டால் வராது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுவாசிப்புச் செய்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திக்கொண்டனர். வண்ணப் பேனாவால் பக்கம் முழுவதும் கோடிடுவது இதற்கு ஈடாகாது. எழுதியதை உடனே புத்தகத்துடன் ஒப்பிட்டுத் திருத்துங்கள். இல்லையெனில் தவறே பதிந்துவிடக்கூடும்.

மறதி தொடக்கத்தில்தான் மிக வேகமாக நிகழ்கிறது என்பதை உளவியலாளர் எபிங்காஸ் 1885இலேயே காட்டிவிட்டார். எனவே முதல் மீள்பார்வையை மறுநாளே வையுங்கள். பிறகு மூன்று நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என இடைவெளியை விரிக்கலாம். இந்தக் கணக்கைக் கறாராகப் பின்பற்ற வேண்டியதில்லை. இடைவெளி விடுவதே முக்கியம். பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு ஃபெரியில் வருபவருக்கு, புத்தகத்தைத் திறக்காமல் அந்த நான்கு ஆண்டுகளையும் காரணத்தோடு சொல்லிப் பார்க்க அக்கரை சேரும் நேரமே போதும்.

டியூஷன் முடிந்து வந்து விடிய விடியப் படிப்பது வீண். புதிய செய்திகளைப் பதியவைப்பதில் மூளையின் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு. அப்படிப் பதிந்தவை உறுதிப்படுவதற்கு உறக்கம் பெரிதும் உதவுகிறது. தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரு முறை எழுதிப் பார்த்துவிட்டு, வழக்கமான நேரத்தில் படுத்துவிடுங்கள்.