சுண்டெலியின் வளரும் பால்சுரப்பியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை ஆராயும் முறை

பால்சுரப்பியின் வளர்ச்சியில் பெரும்பகுதி பிறப்புக்குப் பின்னரே நடப்பதால், சுரப்பி வளரும்போது செல் ஏற்பிகள் (ஹார்மோன் போன்ற சமிக்ஞைகளைப் பற்றும் புரதங்கள்) எவ்வாறு மாறுகின்றன என்பதைக் கற்க இதைவிடச் சிறந்த இடம் அரிது. விலங்கு நெறிக்குழுவின் அனுமதி பெற்றபின், 3, 5, 7, 10 வார வயதுடைய பெண் சுண்டெலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பருவமடைந்தவற்றில் இனப்பெருக்கச் சுழற்சியும் ஏற்பியின் அளவை மாற்றுமாதலால், யோனியிலிருந்து எடுத்த செல்பூச்சை நுண்ணோக்கியில் பார்த்து, ஒரே கட்டத்தில் உள்ளவற்றை மட்டுமே ஒப்பிடுங்கள். அவசரத்தில் பலரும் விட்டுவிடும் படி இதுதான்.

நான்காம் இணைப் பால்சுரப்பிகளில் ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் விரித்து, கார்மைன் படிகாரத்தால் சாயமேற்றுங்கள். 5 வாரத்தில், நிணநீர் முடிச்சைத் தாண்டிச் செல்லும் பால் நாளங்களின் நுனிகள் தீக்குச்சித் தலைபோலத் தடித்த மொட்டுகளாக இருக்கும்; நாளங்கள் கொழுப்புத் திண்டின் விளிம்பை எட்டியதும் அம்மொட்டுகள் மறைந்துவிடும்.

மறுபக்கச் சுரப்பியை ஃபார்மலினில் பதப்படுத்தி, பாரஃபினில் பொதித்து, 5 மைக்ரோமீட்டர் சீவல்களாக வெட்டுங்கள். அவற்றை pH 6 உள்ள சிட்ரேட் கரைசலில் சூடாக்கியபின், ஆல்ஃபா வகை ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஒட்டி அதைக் காட்டும் எதிர்ப்பொருளைச் சேர்க்க வேண்டும். ஒப்பீட்டுக்காக, ஏற்பி நிச்சயம் உள்ள கருப்பைச் சீவல் ஒன்றையும், சாயம் ஏறக்கூடாத, அந்த எதிர்ப்பொருள் சேர்க்காத சீவல் ஒன்றையும் உடன் வையுங்கள்.

எண்ணும்போது மொட்டின் வெளியுறைச் செல்களையும் உட்செல்களையும் தனித்தனியே குறியுங்கள். ஏற்பி உட்புறச் செல்களில்தான் காணப்படும். பிரிவடையும் செல்களைக் காட்டும் கேஐ67 என்ற புரதத்துக்கான சாயத்தையும் சேர்த்தால், ஏற்பியுள்ள செல்களில் பெரும்பாலானவை தாமே பிரிவதில்லை என்பதும், ஆம்ஃபிரெகுலின் போன்ற சமிக்ஞைகளால் அண்டைச் செல்களைப் பெருகச் செய்கின்றன என்பதும் விளங்கும்.

ஏற்பி இருப்பதும் அது செயல்படுவதும் ஒன்றல்ல; ஆகவே அதன் தூண்டுதலால் உருவாகும் புரோஜெஸ்டிரோன் ஏற்பியையும் அதே சீவல்களில் அளந்து, இரண்டையும் வயதுவாரியாக ஒப்பிடுங்கள்.