கதவை எண்ணாதீர்கள், அடுப்பை எண்ணுங்கள்

பல்லடம், சோமனூர், அவிநாசிப் பக்கம் ஓர் ஊரின் மக்கள்தொகை, வீடு, வறுமை விவரங்களைத் தொகுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வாசல்களை எண்ணிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எண்ண வேண்டியது அடுப்பை. சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களே ஒரு குடும்பம். அரசுக் கணக்கெடுப்பும் அப்படித்தான் வரையறுக்கிறது.

முதலில் 2011 கணக்கெடுப்பின் கிராமவாரி எண்களை எடுத்து வையுங்கள். அதை 2001உடன் மாவட்ட அளவில் ஒப்பிடாதீர்கள். கோவை மாவட்டத்தில் 2001இல் சுமார் 42.7 லட்சம் பேர், 2011இல் 34.6 லட்சம் பேர். ஆள் குறையவில்லை, 2009இல் திருப்பூர் தனி மாவட்டமானது. கிராமத்தைக் கிராமத்தோடு ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் வராது.

அடுத்து ஊரை நடந்து சுற்றி ஒரு படம் வரையுங்கள். ஊர், காலனி (தலித் குடியிருப்பு), லைன் வீடுகள் (வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை அறைகள்) எளிதில் கண்ணில் படும். தோட்டத்துச் சாளை (தோட்டத்துக்குள் இருக்கும் வீடு), செங்கல் சூளைக் குடிசை, தறிக்குடோனின் பின்னறை ஆகியவைதான் விடுபடும். வீட்டுவரிப் பட்டியலை மட்டும் நம்பினால் அங்கே இருப்பவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

அடுப்புகளுக்கு வரிசை எண் போடுங்கள். 400 அடுப்பு இருந்து 80 குடும்பம் போதுமென்றால், 1 முதல் 5 வரை சீட்டு எழுதி ஒன்றை எடுத்து, அந்த எண்ணிலிருந்து ஐந்துக்கு ஒன்றாகப் போங்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுக்கக் கூடாது. பூட்டியிருப்பதே அவர்கள் வேலைக்குப் போயிருப்பதால்தான். பனியன் கம்பெனிக்காரர்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போங்கள். பொங்கல், தீபாவளி வாரம் வேண்டாம். வெளியூர்க்காரர்கள் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். வடமாநிலத் தொழிலாளர்களிடம் பேச இந்தி தெரிந்த ஒருவர் கூட வரட்டும்.

லைன் வீட்டில் நிதானமாக இருங்கள். டேப் வைத்து அளந்து பாருங்கள். பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர் என்றால் ஆளுக்கு 25 சதுர அடி. எத்தனை அறைக்கு ஒரு கக்கூஸ், தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, வாடகை, கரண்ட் பணம், அட்வான்ஸ் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். சுவரும் கூரையும் நன்றாக இருந்தால் ‘நல்ல வீடு’ என்று குறித்துவிடுவது பெரிய தவறு.

நிதி ஆயோக்கின் பன்முக வறுமைக் குறியீட்டில் 12 அம்சங்கள். அதில் வாழ்க்கைத்தரம் சார்ந்த ஏழுக்கும் தலா 1/21 மதிப்பு. பலர் பகிரும் கழிப்பறை குறையாகத்தான் எண்ணப்படும், ஆனால் அந்த 1/21 மட்டுமே. ஒரு குடும்பத்தின் குறைகளுக்கான மதிப்பு மொத்தம் 1/3 தொட்டால்தான் ஏழை. இட நெருக்கடி, வாடகை, கடன் இவற்றுக்கு அதில் இடமே இல்லை. இந்த மூன்றையும் தனிப் பத்தியாகச் சேர்த்தே ஆக வேண்டும்.

‘மாதம் எவ்வளவு சம்பளம்?’ என்றால் தோராயமாக ஒரு தொகை வரும். ‘போன வாரம் எத்தனை ஷிப்ட், ஷிப்டுக்கு எவ்வளவு, வருசத்தில் எத்தனை வாரம் வேலை இல்லை?’ என்று கேளுங்கள். வாரக்கூலியை 52ஆல் பெருக்கினால் வருமானம் ஊதிப்போகும். தறி ஓட்டுகிறவரிடம், முதலாளிக்கு முன்பணப் பாக்கி எவ்வளவு, வாரம் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்; முதலாளி பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள்.

பத்துக்கு ஒரு தாளை வேறொருவர் மறுபடி போய்ச் சரிபார்க்கட்டும். ஆள் கணக்கு ஒத்துவராவிட்டால் அந்தத் தெரு முழுவதையும் திரும்ப எடுங்கள். அட்டவணை போடும்போது ஊருக்கும் காலனிக்கும் சேர்த்துச் சராசரி போடவே போடாதீர்கள்: ஊரில் 60இல் 54 வீட்டுக்குச் சொந்தக் கழிப்பறை, காலனியில் 20இல் 6 என்றால், சேர்த்துப் பார்க்கையில் 75 சதவீதம் என்று வரும், காலனியின் 30 சதவீதம் அதற்குள் மறைந்துபோகும்.