பெர்கமாட்டும் குண்டுமல்லியும்: வீட்டில் கலக்கும் ஒரு பெர்ஃப்யூம்

சிட்ரஸ் வாசனைப் பிரியர்கள் பெர்ஃப்யூம் கலக்க உட்கார்ந்தால், கை தானாக எலுமிச்சை எண்ணெய்ப் பக்கம் போகும். வாசனை நிற்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். எவ்வளவு ஊற்றினாலும் கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும். சிட்ரஸ் எண்ணெயில் பெரும்பங்காக இருக்கும் லிமோனின் அப்படிப்பட்ட சரக்கு. வாசனை நிற்க வேண்டுமென்றால் பூவைத்தான் நம்ப வேண்டும். நான் நம்புவது குண்டுமல்லியை.

20 கிராம் பாட்டிலுக்கு என் கணக்கு: பெர்கமாட் (ஒரு சிட்ரஸ் பழத்தின் தோல் எண்ணெய்) 1.2 கிராம், ஆரஞ்சு 0.3, பெட்டிகிரெய்ன் 0.3, நெரோலி 0.2, ஆல்கஹாலில் 10 சதவீதமாகக் கரைத்த குண்டுமல்லி அப்சொல்யூட் (பூவிலிருந்து எடுக்கும் அடர்ந்த சாரம்) 0.4, ஹெடியோன் (மல்லிச் சாயல் உள்ள செயற்கை வாசனைப் பொருள்) 1.2, கஸ்தூரி வாசனைக்கு எத்திலீன் பிராசிலேட் 0.4. மீதி 16 கிராம் பெர்ஃப்யூமர் ஆல்கஹால், அதாவது பெர்ஃப்யூம் கலக்கவென்றே விற்கும், தண்ணீர் மிகக் குறைந்த ஆல்கஹால். சொட்டுக் கணக்கு வேண்டாம்; 0.01 கிராம் காட்டும் தராசு வாங்கிவிடுங்கள். வோட்கா ஆகாது. அதில் பாதிக்கு மேல் தண்ணீர், எண்ணெய் கரையாமல் கலங்கி நிற்கும்.

பெர்கமாட் பெரும்பாலும் இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வருகிறது. தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கும். பூசிய இடத்தில் வெயில் பட்டால் சருமம் கருத்துப்போகும், கொப்புளமும் வரலாம். அதை நீக்கிய 'எஃப்சிஎஃப்' வகையையே வாங்குங்கள். நம் ஊர் வெயிலில் இதில் சமரசமே கிடையாது.

பெட்டிகிரெய்னைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நெரோலி கசப்பு ஆரஞ்சு மரத்தின் பூவில் வடிப்பது என்றால், இது அதே மரத்தின் இலையிலும் குச்சியிலும் வடிப்பது. இது இல்லாவிட்டால் பழம் ஒரு பக்கம், பூ ஒரு பக்கம் என்று தனித்தனியாக நிற்கும். விலையும் நெரோலியைவிட மிகக் குறைவு.

மல்லி அப்சொல்யூட்டைத் திறந்ததும் முகத்தைச் சுளிக்காதீர்கள். நேராக முகர்ந்தால் பாச்சை உருண்டை நெடி அடிக்கும். மல்லியில் இருக்கும் இண்டோல் என்ற பொருள் செய்கிற வேலை. கரைத்ததில் ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டு, மறுநாள் காலையில் முகருங்கள். ராத்திரி தலையில் வைத்துத் தூங்கிய பூவின் வாசனை வரும். அந்தக் கனத்தைத் தூக்கிக் காற்றோட்டம் கொடுப்பது ஹெடியோன். 1966-இல் வந்த டியோரின் ஓ சோவாஜ் பெர்ஃப்யூம் பேர் வாங்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பிராசிலேட், ஹெடியோன், பிறகு பூக்கள், கடைசியில் சிட்ரஸ் என்ற வரிசையில் எடை போடுங்கள். ஒரு வாரம் மூடி வையுங்கள். அப்புறம் ஆல்கஹால் சேர்த்து ஒரு மாதம் இருட்டில் வைத்து, காபி ஃபில்டர் தாளில் வடிகட்டுங்கள். மீந்த சிட்ரஸ் எண்ணெய்களை ஃபிரிட்ஜில், விளிம்பு வரை நிரம்பிய சின்ன பாட்டில்களில் வையுங்கள். காற்றுப் பட்டுப் பழசானால் சருமத்தில் அரிக்கும்.

வெள்ளைச் சட்டையில் அடிக்க வேண்டாம். மல்லி கறை விடும்.