பழைய கேஸ் மடக்குக்கத்தியின் வயதைக் கண்டறிய

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பிராட்ஃபோர்டு நகரத்துக் கேஸ் (Case) நிறுவனத்தின் பழைய மடக்குக்கத்தியை வாங்குமுன், அலகு கைப்பிடியோடு சேரும் இடத்தில் பொறித்திருக்கும் முத்திரையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். 1970-இல் அதன் கீழே பத்துப் புள்ளிகள் இட்டு, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்து வந்தார்கள் என்பதால், ஏழு புள்ளிகள் இருந்தால் அது 1973-ஆம் ஆண்டுக் கத்தியாகும். 1980-இல் மீண்டும் பத்துப் புள்ளிகளோடு தொடங்கியபோது, முத்திரையில் உள்ள நிறுவனப் பெயரின் எஸ் (S) எழுத்தை மின்னல்கீற்று வடிவில் மாற்றினார்கள். இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் கணக்கு பத்தாண்டுகள் தவறிவிடும்.

வாங்கிய கத்தியைப் பளபளப்பாக்க அலகைத் தேய்க்க வேண்டாம், ஏனெனில் முத்திரை மழுங்குவதோடு, காலம் படியவைத்த அழகிய சாம்பல் நிறமும் போய்விடும். மெல்லிய எண்ணெய் பூசி, ஈரத்தை ஈர்க்கும் தோலுறையிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள்.