பனையோலை வகுப்பு: பெரியவரும் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து கற்க

பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் பனையோலை வகுப்பு நடத்துகிறோம். காலை 9:30-க்கு ஆரம்பித்தால் 12 மணிக்குள் முடிந்துவிடும். வருகிறவர்களில் பாதிப் பேர் பெரியவர்கள், பாதிப் பேர் பிள்ளைகள். இதைப் பார்த்துவிட்டு "எங்க காலனியிலயும் நடத்தணும், எங்க ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் சொல்லிச் சொல்லி, இனி எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஓலையைத் தொட்டே பார்க்காதவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு விஷயம், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். யாரும் வேடிக்கை பார்க்க உட்காரக் கூடாது. எங்கள் முதல் வகுப்பில் பிள்ளைகளை நடுவில் உட்கார வைத்து, அப்பா அம்மாக்களுக்குச் சுவரோரமாக நாற்காலி போட்டோம். அரை மணி நேரத்தில் நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் போனுக்குள் போய்விட்டார்கள். பிள்ளைகள் ஒவ்வொரு மடிப்புக்கும் எழுந்து போய் "இது சரியா?" என்று காட்ட, அவர்களுக்கும் தெரியாததால் "சூப்பர், சூப்பர்" என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வகுப்பில் நாற்காலியே போடவில்லை. பெரியவர் ஒருவர், பிள்ளை ஒன்று, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கட்டு ஓலை என்று கொடுத்தோம். பிள்ளை இல்லாமல் தனியாக வருகிற பெரியவர்கள் தங்களுக்குள் ஜோடி சேர்ந்துகொள்ளட்டும். ஓய்வு பெற்றவர்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அவ்வளவு சிரத்தையாகச் செய்வார்கள்.

முதலில் ஆளைத் தேடுங்கள்

கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமென்று இணையத்தில் தேடவே வேண்டாம், உங்கள் ஊரிலேயே இருப்பார். கோவில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் குருத்தோலைத் தோரணம் கட்டுகிறவர் யார் என்று விசாரியுங்கள். குருத்தோலை ஞாயிறுக்கு முன்னால் தேவாலயத்தில் உட்கார்ந்து ஓலையில் சிலுவையும் பூவும் பின்னித் தருகிறவர் யார் என்று கேளுங்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு மணப்பாடு பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே பெண்கள் ஓலைப்பொருள் செய்வதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். காரைக்குடிப் பக்கம் என்றால் கொட்டான் (சின்ன ஓலைக்கூடை) பின்னுகிறவர்களைப் பாருங்கள். செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு வாங்கிய பொருள். சென்னைக்காரர்கள் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய், கைவினை செய்பவர்கள் வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாலே பாதித் தெளிவு வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் இருந்து படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை, பனைக்கென்று 1978-லேயே ஒரு அபிவிருத்திச் சபை வந்த நாடு அது.

எங்களுக்குக் கிடைத்தவர் தெருக்கோடி ஆச்சி. கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து பெட்டி முடைந்தவர். பிளாஸ்டிக் வந்ததும் பெட்டிக்கு ஆள் இல்லாமல் போக, நிறுத்திவிட்டார். 2019 ஜனவரி 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகுதான், பலகாரம் போட ஓலைப்பெட்டி வேண்டுமென்று ஒன்றிரண்டு பேர் மறுபடி அவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள்.

வருகிறவருக்குப் பணம் கொடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பொன்னாடை போர்த்தி, ஒரு தட்டில் பழம் வைத்து அனுப்பிவிடுவது சரியில்லை. அவர் அரை நாள் உட்கார்ந்து பெட்டி முடைந்தால் என்ன கிடைக்குமோ, அதைவிடக் கூடுதலாக, வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். அந்தத் தொகையையும் ஓலைச் செலவையும் கூட்டி, வருகிற ஜோடிகளால் வகுத்தால் அதுதான் கட்டணம். கட்ட முடியாத வீடுகள் இருந்தால் மற்ற ஜோடிகள் பங்கிட்டுக்கொள்ளலாம், யார் எவ்வளவு கட்டினார்கள் என்று வெளியே தெரிய வேண்டியதில்லை.

ஓலை

வகுப்பு நன்றாக நடப்பதும் சொதப்புவதும் ஓலையில்தான் இருக்கிறது.

விரியாத இளம் ஓலைக்குக் குருத்தோலை என்று பெயர். வெளுப்பாக, வெண்ணெய் நிறத்தில், வளைத்த பக்கம் வளையும். நமக்கு வேண்டியது இதுதான். விரிந்து பச்சையாகி முற்றிய ஓலை பாய்க்கும் பெட்டிக்கும் ஆகும், ஆனால் புதிதாகப் பழகும் கையைக் கீறிவிடும். மரமேற ஆள் கிடைக்காவிட்டால் வடலியில் (உயரம் வைக்காத இளம் பனை) எடுக்கலாம், நின்ற இடத்திலேயே எட்டும். ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்கச் சொல்லாதீர்கள், அடுத்தடுத்து எடுத்தால் மரம் சோர்ந்துவிடும். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில், மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். ஓலை எடுப்பது வெட்டுவது ஆகாது, என்றாலும் மரத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பனை மட்டையின் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும் (கருக்கு என்போம்). மட்டையோடு ஓலையைப் பிள்ளைகள் நடமாடும் இடத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம், மரத்தடியிலேயே நறுக்கிவிடுங்கள்.

பனையே இல்லாத ஊரென்றால் தென்னங்குருத்து போதும். வகுப்பில் முதலில் செய்யப்போகும், காற்றில் சுற்றுகிற காற்றாடிக்கு அது நன்றாகவே வரும், ஆனால் சில நாளில் பழுப்பாகிச் சுருங்கிவிடும் என்பதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு ஓலை வேண்டும்? ஜோடிக்கு இரண்டு காற்றாடி, அதற்கு 8 துண்டு. டம்ளர் வைக்கும் சின்னத் தட்டு ஒன்று, அதற்கு 12. கிழிந்தால் மாற்ற 5. ஆக 25. 10 ஜோடிக்கு 250 துண்டு. ஓலையின் ஒவ்வொரு இதழிலும் நடுவில் ஈர்க்கு ஓடும், அதைக் கிழித்து எடுத்தால் இரண்டு பக்கமும் இரண்டு நீளமான பட்டை கிடைக்கும். ஒவ்வொரு பட்டையையும் 30 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலம் என்று நறுக்கினால், ஒரு இதழுக்கு 4 துண்டு. அப்படியானால் 63 இதழ் போதும், ஆனால் நான் 80 எடுத்து வைப்பேன். அகலம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு அட்டையில் 1.5 செ.மீ. அளவு வெட்டி வைத்துக்கொண்டு, அதன் மேல் ஓலையை வைத்து நறுக்குங்கள். இதில் அவசரப்பட்டால் வகுப்பில் தட்டு கோணிக்கொண்டு போகும், பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

நறுக்கியதை இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வைத்துக் கட்டி வையுங்கள்.

ஊறவைப்பது

காய்ந்த ஓலையை அப்படியே மடித்தால் மடிப்பில் விரிசல் விடும். அதற்குப் பயந்து இரண்டாவது வகுப்புக்கு முந்தின ராத்திரியே நான் எல்லாவற்றையும் பெரிய வாளியில் முக்கி வைத்தேன். காலையில் ஓலையில் கறுப்புப் புள்ளி விழுந்து, ஒரு மாதிரி வாடையும் வந்துவிட்டது. அதைவிடப் பெரிய வருத்தம் இரண்டு நாள் கழித்து வந்தது. ஊறிப் பருத்த ஓலையில் பின்னிய தட்டெல்லாம் காய்ந்ததும் சுருங்கி, இடைவெளி விட்டு, கையில் எடுத்தால் கழன்று வந்தது. பிள்ளைகள் அதைக் கொண்டுவந்து காட்டியபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

ஆச்சி சொன்னது இதுதான்: "ஓலை நனையணும்னு இல்ல, பதமாகணும்." வகுப்பன்று காலையில் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்து, உதறி, ஈரத் துண்டில் சுற்றி வைத்தால் போதும். ஒரு துண்டை எடுத்துச் சுண்டுவிரலில் சுற்றிப் பாருங்கள். விரிசல் விடாமல் சுற்றிக்கொண்டு, விரலில் தண்ணீரும் ஒட்டாமல் இருந்தால் அது பதம். வகுப்பு நடுவில் காய்ந்தால் ஈரத் துணியால் ஒரு துடைப்பு.

மற்ற சாமான் கொஞ்சம்தான். ஜோடிக்கு ஒரு கத்தரிக்கோல், துணி காயப்போடும் கிளிப் 4, ஒரு ஈரத் துணி. தரையில் பாய். முட்டி மடக்க முடியாத பெரியவர்களுக்கு ஒரு மேசை போட்டு, அவர்களின் ஜோடிப் பிள்ளையையும் அங்கேயே உட்கார வைக்கலாம். சாயம் முதல் வகுப்பில் வேண்டாம்.

முதல் மணி நேரம்: காற்றாடி

எடுத்த எடுப்பில் தட்டு பின்னச் சொல்லாதீர்கள். கையில் சுற்றுகிற ஒன்று முதலில் கிடைத்துவிட்டால் அப்புறம் ஆளே மாறிவிடுவார்கள்.

4 துண்டு எடுத்து ஒவ்வொன்றையும் சரிபாதியாக மடியுங்கள். மடிந்த இடத்தை வாய் என்றும், இரட்டையாக நீளும் முனையை வால் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் துண்டைக் குறுக்கே பிடியுங்கள். இரண்டாவதன் வாய் முதலாவதன் வாலைக் கவ்வட்டும், அதாவது இரண்டாவதன் இரண்டு அடுக்குக்கும் நடுவில் முதலாவது இருக்க வேண்டும். மூன்றாவதன் வாய் இரண்டாவதன் வாலைக் கவ்வும், நான்காவதன் வாய் மூன்றாவதன் வாலைக் கவ்வும். கடைசியாக, நான்காவதன் வாலை முதலாவதன் வாய்க்குள் நுழைத்துவிடுங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள ஒருவர் நுழைப்பது சுலபம். ஜோடியாக உட்காரச் சொன்னதன் அருமை இங்கேதான் தெரியும்.

இப்போது நான்கு வாலையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். ஒரே வாலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் கிழியும். எட்டு வயதுப் பையன் ஒருவன் அப்படி இழுத்துக் கிழித்தபோது ஆச்சி, "இழுக்காதல, நாலு பக்கமும் சமமா வரட்டும்" என்று சொல்லி, அவன் கைமேல் தன் கையை வைத்து நான்கு மூலையையும் சுற்றிச் சுற்றி இழுத்துக் காட்டினார். முடிச்சு இறுகி, நடுவில் 3 செ.மீ. சதுரமாக நின்றது. பக்கத்தில் இருந்த அவன் அப்பா தன் ஓலையைக் கீழே வைத்துவிட்டு, "ஆச்சி, எனக்கும் ஒரு தடவை" என்று கையை நீட்டினார்.

ஒவ்வொரு பக்கமும் இரண்டு அடுக்கு இருக்கும். ஒன்றை முடிச்சு ஓரமாக நறுக்கிவிட்டு, மற்றதை 8 செ.மீ. அளவுக்கு விடுங்கள். நான்கு இறகையும் ஒரே பக்கமாக லேசாக முறுக்கிவிட வேண்டும், ஒன்று மாறினாலும் சுற்றாது. நடுவில் ஒரு முள்ளைக் குத்தி, துளை கொஞ்சம் தளரும் வரை திருகுங்கள். பிறகு காற்றாடிக்குப் பின்னால் சின்ன வட்டமாக நறுக்கிய ஓலை ஒன்றைக் கோத்து, முள்ளைச் சோளத்தட்டையில் இறக்குங்கள். நாங்கள் சிறுவயதில் உடைமுள்தான் வைப்போம், இன்றும் அதுதான். முள் குத்துவது மட்டும் பெரியவர் வேலை. தட்டைக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை நறுக்கிவிடுங்கள்.

செய்து முடித்ததும் எல்லாரையும் வெளியே விடுங்கள். பத்து நிமிடம் ஓடட்டும், பெரியவர்களும்தான். அந்த நேரத்தில் சுக்குக்காப்பி ஊற்றிவிடலாம்.

அடுத்தது: தட்டு

6 துண்டைச் செங்குத்தாக, நெருக்கமாக அடுக்குங்கள். மேல் ஓரத்தைக் கிளிப் போட்டு ஒரு அட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம். ஏழாவது துண்டைக் குறுக்கே ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று விடுங்கள். அடுத்தது அதற்கு நேர்மாறாக, மேலே போன இடத்தில் கீழே. இப்படியே 6 குறுக்கு. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் விரல் நகத்தால் முந்தைய வரிசையோடு ஒட்டித் தள்ளுங்கள். இடைவெளி இருந்தால் அப்புறம் சரிசெய்ய முடியாது. 9 செ.மீ. சதுரம் வரும், நான்கு பக்கமும் ஏறக்குறைய 10 செ.மீ. முனை நீட்டிக்கொண்டிருக்கும்.

ஓரம் கட்டுவதில்தான் புதியவர்கள் திணறுவார்கள், இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நீட்டியிருக்கும் முனைகளைப் பாருங்கள். ஓரத் துண்டுக்கு மேலாக வெளியே வருகிற முனையைப் பின்பக்கம் மடித்து, ஓரத் துண்டை அணைத்தபடி, உள்ளே மூன்றாவதாகக் குறுக்கே ஓடும் துண்டுக்கு அடியில் செருக வேண்டும். ஓரத் துண்டுக்குக் கீழாக வருகிற முனையை அதே போல முன்பக்கம் மடித்து, அங்கே மூன்றாவது துண்டுக்கு அடியில் செருகுங்கள். ஒன்று பின்னால், ஒன்று முன்னால் என்று மாறி மாறி வரும். செருக மறுத்தால் முனையைக் கூராகச் சாய்த்து நறுக்கிக்கொள்ளுங்கள், ஈர்க்குத் துண்டால் வழியை லேசாகத் தூக்கிக் கொடுங்கள். மிச்சம் நீட்டுவதைக் கடைசியில் ஒட்ட நறுக்கலாம். முடித்த தட்டை ஒரு கனமான புத்தகத்துக்கு அடியில் ராத்திரி முழுக்க வைத்தால் சமமாக நிற்கும்.

எல்லாராலும் இரண்டரை மணி நேரத்தில் முடிக்க முடியாது. முடிக்காதவர்களுக்கு ஓலையைப் பதமாகவே ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்து, "ராத்திரிக்குள் ஓரம் கட்டிவிடுங்கள், துணியிலேயே நாள் கணக்கில் விட்டால் பூஞ்சை பிடிக்கும்" என்று சொல்லி அனுப்புங்கள். அன்று சாயங்காலம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முடித்த தட்டின் படம் ஒவ்வொன்றாக வரும். பெரும்பாலும் அனுப்புவது அப்பாக்களும் தாத்தாக்களும்.

நறுக்கிய துணுக்குகளைக் கூட்டி ஏதாவது மரத்தடியில் போட்டுவிடலாம், மக்கிவிடும். முழுசாக மிஞ்சிய துண்டுகளை மட்டும் நிழலில் நன்றாகக் காயவிட்டு, செய்தித்தாளில் சுற்றி, ஈரம் படாத பரணில் வையுங்கள். அடுத்த வகுப்புக்கு முன் அரை மணி நேரம் ஊறவைத்தால் திரும்பப் பதத்துக்கு வந்துவிடும். இந்தத் தட்டு கைக்கு வந்தவர்களுக்கு ஆச்சி இப்போது கொட்டான் அடி போடக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். அது எனக்கே இன்னும் சரியாக வரவில்லை, வந்ததும் எழுதுகிறேன்.