இதயத் துடிப்பு அடிக்கடி தடுமாறுகிறதா? உடலையும் மனத்தையும் பார்த்துக்கொள்ளும் முறை

இதயம் திடீரெனத் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கி, சில மணி நேரத்தில் தானாகவே அடங்கி, சில வாரங்கள் கழித்து மீண்டும் அதே தொல்லையைக் கொடுப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் நடுவயதைக் கடந்தவர்களிடம் பரவலாகக் காணப்படும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறை நடுக்கம் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு இருப்பது இதுதான் என்று மருத்துவர் இசிஜி பார்த்து உறுதி செய்திருக்க வேண்டும். படபடப்பு அடங்கிய பிறகு எடுக்கும் இசிஜி பெரும்பாலும் சீராகவே இருக்கும் என்பதால், இன்னும் உறுதியாகாதவர்கள் படபடப்பு இருக்கும்போதே அருகிலுள்ள மருத்துவமனையில் ஒன்று எடுத்துவிடுவது நல்லது. அது முடியாவிட்டால், ஹோல்டர் கருவியை உடலில் பொருத்தி ஒரு நாளோ அதற்கு மேலோ இதயத் துடிப்பைப் பதிவு செய்யலாமா என்று கேளுங்கள்.

நடுக்கம் வரும்போது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டு, நிமிடத்துக்கு 300-க்கும் மேற்பட்ட தாறுமாறான மின் தூண்டல்களால் நடுங்குகின்றன. அவற்றுள் ஒரு பகுதியே கீழறைகளுக்கு இறங்குவதால் நாடி வேகமாகவும் தாளமின்றியும் ஓடுகிறது. மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தால், இரண்டு துடிப்புகள் நெருங்கி வரும், மூன்றாவது தாமதிக்கும், ஒன்று பலமாக மோதும், அடுத்தது விரலுக்கே எட்டாது. பயமுறுத்தும் அனுபவம்தான். ஆனால் இது மாரடைப்பு அன்று. இதயம் நின்றுவிடப் போவதன் அறிகுறியும் அன்று. இதை நெஞ்சு சீராக இருக்கும் நாளில் மனத்தில் பதிய வைத்துக்கொள்வதே முதல் வேலை.

அடுத்த வேலையையும் அமைதியான நாளிலேயே முடித்துவிட வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் படபடப்போடு எழுந்து, மருத்துவமனைக்குப் போவதா, பொறுத்திருப்பதா, இன்னொரு மாத்திரை போடுவதா என்று வீட்டில் எல்லோரும் கூடி விவாதிப்பதைப் போல அச்சத்தைப் பெருக்குவது வேறில்லை. ஆகவே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளுக்கு விடை வாங்கி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: நாடி எவ்வளவைத் தாண்டினால், எத்தனை மணி நேரம் நீடித்தால் நான் வர வேண்டும்? அந்த நேரத்தில் கூடுதலாக ஏதேனும் மாத்திரை எடுக்கலாமா, எந்த அளவில்? எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும்? நடுக்கம் வந்தால் மட்டும் விழுங்கும் மாத்திரை சிலருக்குத் தரப்படுவதுண்டு. முதல் முறை அதை மருத்துவமனைக் கண்காணிப்பில் எடுத்துப் பார்த்தவர்கள் மட்டுமே வீட்டில் எடுக்கலாம், மற்றவர் கேட்டார் என்பதற்காகப் பகிர்ந்துகொள்ளவே கூடாது. அந்தத் தாளையும், பழைய இசிஜியையும், மாத்திரைப் பட்டியலையும் கைப்பேசியில் படமெடுத்து வீட்டாருக்கும் அனுப்பி வையுங்கள்.

நடுக்கம் தொடங்கியதும் உட்காருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்வது மிக முக்கியம். நடுக்கம் நீடிக்க நீடிக்க மேலறையில் ரத்தம் தேங்கி உறையும் வாய்ப்பு கூடுவதால், மின்சிகிச்சையால் துடிப்பைச் சீராக்கலாமா, அதற்கு முன் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய, 'எப்போது தொடங்கியது?' என்றே மருத்துவர் முதலில் கேட்பார். நெஞ்சு வலி, கடுமையான மூச்சுத்திணறல், மயக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்: தமிழ்நாட்டில் 108-ஐ, இலங்கையில் 1990-ஐ உடனே அழையுங்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள்.

அப்படி எதுவும் இல்லையெனில், நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணி எழுதிவிட்டு விரலை எடுத்துவிடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை பார்த்தால் போதும். தாளமற்ற நாடியில் டிஜிட்டல் ரத்த அழுத்தக் கருவி தவறான எண்ணைக் காட்டக்கூடும் என்பதால், ஓர் அளவை மட்டும் பார்த்துக் கலங்காமல் இரண்டு மூன்று முறை அளந்து பாருங்கள். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் துடிப்பு அதிகமாகத் தெரியும். வலப்பக்கமோ, தலையணைகளை உயர்த்தி வைத்தோ படுக்கலாம். சிலருக்கு இந்நேரத்தில் அடிக்கடி சிறுநீர் வரும். மேலறைகள் விரிவடையும்போது சுரக்கும் ஒரு ஹார்மோனின் வேலை அது, புதிய நோய் அன்று. மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து மூச்சை விடுங்கள். இது நடுக்கத்தை நிறுத்தாது, ஆனால் பயத்தால் சுரக்கும் அட்ரினலின் நாடியை மேலும் விரட்டாமல் தடுக்கும். பலமாக இருமினால் இதயம் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பாதீர்கள். முக்கி மூச்சை அடக்கும் பயிற்சி எஸ்விடி என்ற வேறு வகைப் படபடப்புக்கு உதவும். மேலறை நடுக்கத்தை அது நிறுத்துவதில்லை.

இனிச் சொல்லப்போவதை ஒருவர்கூடத் தவறவிடக் கூடாது. இந்நோயில் உயிருக்கும் வாழ்வுக்கும் பெரிய ஆபத்து படபடப்பால் வருவதன்று, பக்கவாதத்தால் வருவது. மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்கு அந்த அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. நடுக்கம் பல வேளைகளில் உங்களுக்குத் தெரியாமலேயே வந்து போவதால், 'ஆறு மாதமாக ஒன்றும் இல்லையே' என்று ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்துவது மிகவும் ஆபத்தானது. வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கிட்டே அது யாருக்குத் தேவை என்று முடிவு செய்கிறார்கள். அதற்குப் பதிலாக ஆஸ்பிரின் போதாது. நம் ஊர்களில் சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் இன்னமும் பலர் இருக்கிறார்கள். சுருக்கம் அதிகமுள்ள அவர்களுக்குப் ரத்தம் உறைவதைத் தடுக்கும் புதிய மாத்திரைகளைவிட, பழைய வார்ஃபரின் வகையே ஏற்றது. வார்ஃபரினோ அதே வகையைச் சேர்ந்த அசிட்ரோமோ சாப்பிடுவோர், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவைப் பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். அதற்காகக் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். மூட்டு வலிக்கென்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவதும், பல் பிடுங்குவதற்காகத் தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் வேண்டாம்.

நடுக்கத்தைத் தூண்டுபவற்றில் மதுவுக்குத்தான் முதலிடம். குடித்துவந்த நோயாளிகளில், நிறுத்தியவர்களுக்கு நடுக்கம் குறைவாகத் திரும்பியதை 2020-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறுக்கும், எடை குறைந்து கை நடுங்கினால் தைராய்டுக்கும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மூக்கடைப்பைத் திறக்கும் சளி மாத்திரைகள், தண்ணீர் குடிக்காமல் இருக்கும் விரதம், காய்ச்சல் ஆகியவையும் தூண்டலாம். அளவான காபி பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை.

நடுக்கம் வராத நாட்களில் வரும் பயமே பலரை அதிகம் முடக்குகிறது. நடைப்பயிற்சியை விடுகிறார்கள், உறவினர் திருமணத்துக்குப் போக மறுக்கிறார்கள், கைக்கடிகாரத்தில் துடிப்பை நாள் முழுதும் பார்க்கிறார்கள். பார்ப்பதற்குக் காலை ஒன்று, மாலை ஒன்று என நேரம் வகுத்துக்கொண்டு, இடையில் எச்சரிக்கை ஒலிகளை அணைத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். விட்ட நடையைத் தெருமுனை வரை என்று துணையோடு தொடங்கிச் சிறிது சிறிதாக நீட்டுங்கள். நடுக்கத்துக்கு மறுநாள் வரும் அசதி இயல்பானது. அன்று ஓய்வெடுப்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: 'எல்லாம் டென்ஷன்தான்' என்று சொல்லாதீர்கள்; நேரத்தைக் குறித்துக்கொண்டு அருகில் அமர்ந்திருங்கள், அதுவே பேருதவி. தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்; சில நேரங்களில் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையே சோர்வைத் தரும் என்பதால் அதையும் இதய மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மாத்திரைகளுக்குப் பிறகும் நடுக்கம் திரும்பத் திரும்ப வருமானால், அப்லேஷன் பற்றி விசாரிக்கத் தயங்காதீர்கள். நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் சிரைகளின் வாயிலிருந்தே இந்தத் தூண்டல்கள் பெரும்பாலும் கிளம்புகின்றன என்று பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998-இல் கண்டறிந்ததன் மேல் எழுந்த சிகிச்சை இது. தொடை வழியாகக் குழாயைச் செலுத்தி அந்த வாய்களைச் சுற்றி மின்தடை ஏற்படுத்துகிறார்கள். துடிப்பைச் சீராக்கும் சிகிச்சையை நோய் தெரிந்த முதல் ஆண்டிலேயே தொடங்குவது நன்மை தருவதாக 2020-இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு கூறியது. ஆகவே இதயத்தின் மின் தூண்டல்களைக் கவனிக்கும் எலக்ட்ரோஃபிசியாலஜி நிபுணரிடம் அனுப்ப முடியுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். அப்லேஷன் முடிந்த பிறகும் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை தொடரும். அதன்பின் நிறுத்துவதா என்பது பக்கவாத அபாயத்தைப் பொறுத்தது, படபடப்பு நின்றதைப் பொறுத்ததன்று.