புது வீட்டின் கார் ஷெட்: பால்காய்ப்புக்கு முன் பார்க்கத் தவறுபவை

திருநெல்வேலிப் பக்கம் பால்காய்ப்பு பெரும்பாலும் வைகாசியிலோ ஆவணியிலோ நடக்கிறது. மழையோ ஐப்பசி, கார்த்திகையில்தான் அடித்துப் பெய்கிறது. இடைப்பட்ட மாதங்களில் ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணையும் கைமாறிவிடும். சமையலறை மேடையையும் குளியலறைக் குழாயையும் நான்கு முறை சோதிக்கும் வீட்டுக்காரர், வண்டி நிற்கிற இடம்தானே என்று கார் ஷெட்டை மட்டும் பாராமல் விட்டுவிடுகிறார். ஆனால், மிஞ்சிய மணலையும் சிமெண்டையும் கொண்டு, ஆட்கள் அடுத்த கட்டடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் முடிக்கப்படுவது பெரும்பாலும் அந்தப் பகுதிதான்.

காய்ந்து கிடக்கும் தரையைப் பார்த்துத் திருப்தி அடைவது முதல் தவறு. பெருமாள்புரத்தில் நாங்கள் கட்டிய வீட்டில் டைல்ஸ் பளிச்சென்று இருந்தது. ரசமட்டம் வைத்துத் தரையின் சரிவைப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. முதல் மழையில் தண்ணீர் வாசலுக்குப் போகாமல் வீட்டுச் சுவரை நோக்கி ஓடி வந்து, செருப்பு அடுக்கும் பலகைக்கு அடியில் குளம் கட்டியது. வாட்டம் தலைகீழாக விழுந்திருந்தது. பத்து அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலமாவது தெருப் பக்கம் சரிவு இருக்க வேண்டும். இரண்டு வாளித் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றிவிட்டுக் கால் மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். எங்கே தேங்கியிருக்கிறதோ அங்கே தரை பள்ளமாக இருக்கிறது என்று பொருள்.

தரையின் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் விடுவது அடுத்த தவறு. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணையே அள்ளிப் போட்டு, தண்ணீர் விட்டு இறுக்காமல் மேலே கான்கிரீட் போட்டுவிட்டால், கார் ஏறி இறங்கும் இரண்டு தடத்திலும் தரை உள்வாங்கும். மானூர்ப் பக்கம் போலக் கரிசல் உள்ள இடங்களில் இது இன்னும் மோசம். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் அந்த மண்ணை அகற்றிவிட்டுச் சரளைப் படிப்படியாகக் கொட்டி, நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கியிருக்க வேண்டும். இப்போது தோண்டிப் பார்க்க முடியாதுதான். ஆனால் டைல்ஸை ஒரு கம்பின் முனையால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால், கலவை சரியாக உட்காராத இடம் பானையைத் தட்டுவது போலச் சத்தம் கொடுக்கும். சக்கரம் நிற்கும் இடத்தில் அந்தச் சத்தம் வந்தால் பெயர்த்து மாற்றச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது, தூண் இல்லாமல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் போர்ட்டிகோவுக்குத்தான். இருபக்கமும் தாங்கல் உள்ள தளத்தில் பிரதானக் கம்பி அடிப்பக்கம் வரும். நீட்டித் தொங்கும் தளத்திலோ இழுவிசை மேற்பரப்பில் ஏற்படுவதால் கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் கம்பியின் மேல் நடந்து அதைக் கீழே அமுக்கிவிட்டால், வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அடியில் பூச்சும் பெயிண்டும் அழகாகவே இருக்கும். விரிசல் வருவது மேல்பக்கம், சுவரை ஒட்டி. எங்கள் பக்கம் தட்டட்டி என்று சொல்லும் மொட்டை மாடிக்கு ஏறி, அங்கிருந்து போர்ட்டிகோவின் மேல்பரப்பைப் பார்க்காமல் வீட்டை ஒப்புக்கொள்ளக் கூடாது. சுவருக்கு இணையாக ஒரு நீண்ட கோடு கண்ணில் பட்டாலோ, முன்விளிம்பு தொய்ந்து தெரிந்தாலோ, மேஸ்திரியின் சமாதானத்தைக் கேட்டு நிற்காமல், கட்டியவரோடு தொடர்பில்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். அதுவரை வண்டியை வெளியிலேயே நிறுத்துங்கள்.

இதற்கு நேர்மாறாக, எல்லா விரிசலுக்கும் பதறுவதும் தவறே. பூச்சில் வலைபோல ஓடும் மயிரிழைக் கோடுகள், பூசிய பின் தண்ணீர் போதுமான அளவு விடாததால் வருபவை. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாகத் தெரிவது, அங்கே கம்பி வலை வைத்துப் பூசாததன் விளைவு. மூலையிலிருந்து சாய்வாக ஏறி, நாளுக்கு நாள் அகலும் விரிசல்தான் அஸ்திவாரம் இறங்குவதைக் காட்டுவது. அதன் இரு நுனியிலும் பென்சிலால் குறியிட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் நுனி குறியைத் தாண்டியிருந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது என்று அர்த்தம்.

தெருவின் மட்டத்தையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாழ்ந்த மட்டத்தில் கட்டிய வீடுகள் பட்ட பாடு நமக்குத் தெரியும்; சாலையை மேலும் ஒருமுறை உயர்த்திப் போட்டாலும் ஷெட்டின் தரை மேலே நிற்க வேண்டும். வள்ளியூர், பணகுடிப் பக்கம் தகரக் கூரை போட்டவர்கள், ஆனி ஆடிக் காற்று தூக்கும் என்பதால், ஷீட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளை ஏணி வைத்து ஏறி ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பது நல்லது. கேட்டைத் திறந்து, சொந்த வண்டியை உள்ளே விட்டு, ஓட்டுநர் பக்கக் கதவு முழுதாகத் திறக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும் திட்டத்தில் வீடு வாங்கியவர்களுக்கு, ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளை, சொன்ன 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தரும் கடமை விற்றவருக்கு உண்டு. சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டுகிறவர்களோ தாங்கள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. ஆகையால் கடைசித் தவணையில் ஒரு பகுதியைக் கார்த்திகை முடிந்த பிறகே தருவதாக, வேலை தொடங்குமுன்பே அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.